கண்ணாடிக்கடைக்காரரின் சாம்பல் படங்கள்

கண்ணாடிக்கடைக்காரர் போட்ட பிரிண்டில் எல்லாம் இருந்தது, கறுப்பும் வெள்ளையும் மட்டும் இல்லை. உயரமான கட்டடம், அதன் கரிய கண்ணாடிச் சுவர், கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் துடைக்கிற ஒருவர், அவருடைய வெள்ளைச் சட்டை. நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மனசு நிறைந்துபோகும். அதையே காகிதத்தில் இறக்கினால் ஊறப்போட்ட செய்தித்தாள் மாதிரி வந்தது. சட்டையும் சாம்பல், சுவரும் சாம்பல், நடுவில் தொங்குகிறவர் எந்த நேரத்திலும் கரைந்துவிடுவார் போல இன்னொரு சாம்பல்.

ஊரில் நாலு பேருக்குப் பார்வையைத் தெளிவாக்குகிற மனிதர் அவர். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவரின் சொந்தப் படம் மங்கலாக இருந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா?

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கான்ட்ராஸ்ட்தான் உயிர். வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் புத்தகங்கள் சொல்கிற வைத்தியம் அத்தனையும் செய்து பார்த்துவிட்டார். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கிற என்லார்ஜரில், கான்ட்ராஸ்டைக் கூட்டுகிற மெஜந்தா ஃபில்டரை ஒவ்வொரு படியாக ஏற்றி, இதற்கு மேல் அடர்த்தி கிடையாது என்கிற படி வரைக்கும் போனார். படத்தை வரவழைக்கிற டெவலப்பர் மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தார். அவசரப்பட்டு எடுக்காமல் பிரிண்டைத் தட்டில் நிதானமாக ஊறவிட்டார். காகிதம் பழசோ என்று புதுப் பெட்டி பிரித்தார். என்லார்ஜர் லென்ஸைக் கடைக்கு எடுத்துப்போய், எந்த வாடிக்கையாளருக்கும் காட்டாத மரியாதையோடு துடைத்தார். இருட்டறைச் சிவப்பு விளக்கின் மேல் சந்தேகம் வந்து, காகிதத்தின் மேல் வீட்டுச் சாவியை வைத்து விளக்கடியில் கிடத்திவிட்டு டெவலப் செய்தார். சாவியின் தடம் விழவில்லை. விளக்கு குற்றமற்றது என்று விடுதலை ஆனது.

பிரிண்டில் வெள்ளை அழுக்காகவே வந்தது. அந்த அழுக்கைக் குறைக்கலாம் என்று வெளிச்சத்தைக் குறைத்தால் கறுப்புக்குச் சோகை பிடித்தது. மனுஷன் என்னதான் செய்வார்? தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார் என்று எழுதலாம்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலையில் முடி கிடையாது. நெற்றியில் ஆரம்பித்துப் பிடரி வரைக்கும் ஒரே வழவழப்பு. ஊர் பார்ப்பது டோப்பா. அடர்த்தியான, லேசாகச் சுருள் விழுந்த, அவர் வயசுக்குக் கொஞ்சம் அதிகப்படியான டோப்பா. இந்த ரகசியம் உலகத்தில் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவளுக்கும் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. காற்றடிக்கிற நாளில் மனிதர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். குழந்தைகளைத் தோளில் தூக்க மாட்டார். யாராவது பாசத்தோடு தலையைத் தடவிக் கொடுக்கப் போனால் பின்வாங்குகிற வேகத்தைப் பார்த்து, கர்வம் பிடித்த ஆள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர் இருட்டறை என்று பெருமையாகச் சொன்னது வீட்டுக் குளியலறையைத்தான். துணி துவைத்து முடித்த பிறகு, மதிய வேளையில் மட்டும் அது அவருக்குச் சொந்தம். துவைக்கிற இயந்திரத்தின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் பல கை மாறி வந்த என்லார்ஜர். அதன் விளக்குக் கூண்டில் மூட்டு விட்டுப்போய், நிற்கிறவர் பக்கமாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கசிகிற வெளிச்சம் எதிலாவது பட்டுத் திரும்பிக் காகிதத்தில் விழுந்தால் வெள்ளை அழுக்காகும் என்பது அவருக்குத் தெரியாததா? ஒளியைப் பற்றி அவருக்கே பாடம் எடுப்பதா? டைல்ஸ் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி தொங்கவிட்டார். முகம் பார்க்கிற கண்ணாடியை மூடினார். பக்கெட்டை வெளியே தள்ளினார். குழாயின் தலைக்குக்கூட ஒரு கறுப்புக் காலுறையை மாட்டிவிட்டார். பளபளக்கிற ஒரு பொருளையும் விட்டுவைக்கவில்லை என்பது அவர் நினைப்பு.

கதவைத் தாழ்ப்பாள் போட்டு, இடுக்கில் துணி செருகினால் அறை அடுப்பாகிவிடும். டோப்பாவுக்கு அடியில் வியர்வை ஊறி அரிக்கும். ஆகவே உள்ளே போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிடுவார். வீட்டுக்கு யாராவது வந்தால் மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, ஆள் வந்திருக்காங்க" என்பாள். உள்ளே தடபுடலென்று சத்தம் கேட்கும். டோப்பாவை மாட்டி, சரிசெய்து, ஒன்றும் நடக்காதவர் மாதிரி வெளியே வருவார்.

அப்படி ஒரு மதியம் வந்தவன்தான் மச்சினன், அவர் மனைவியின் தம்பி. தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் விற்கிறவன். குடும்பத்தில் அவனுக்கு நிபுணர் என்று பெயர். எதைப் பற்றிக் கேட்டாலும் தெரியும் என்பான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

சாம்பல் பிரிண்டை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தான்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க படத்துல கோளாறு இல்ல. தண்ணியில கோளாறு."

"தண்ணியிலயா?"

"எந்தத் தண்ணியில மருந்து கரைக்கிறீங்க? குழாய்த் தண்ணி. அதுல இல்லாத கசடு கிடையாது. நான் நம்ம மெஷின் தண்ணி கொண்டுவரேன், கூட நின்னு ஒரு பிரிண்ட் போட்டுக் காட்டுறேன்."

வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய். மறுநாளே கேனோடு வந்து நின்றான். இரண்டு பேரும் குளியலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மச்சினன் கரைத்தான், கலக்கினான். கண்ணாடிக்கடைக்காரர் டோப்பாவுக்குள் வெந்துகொண்டே வெளிச்சம் கொடுத்துக் காகிதத்தைத் தட்டில் நழுவவிட்டார். சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல மெல்லக் கட்டடம் எழும்பியது. கறுப்பு வந்தது. கரித்துண்டை நுணுக்கிப் பூசிய மாதிரி வந்தது. அதன் நடுவில் சட்டை, சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளை.

"பாத்தீங்களா அத்தான்?" என்றான் மச்சினன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சொல்லிச் சமாளித்தார்.

அவன் போன பிறகு மிச்சத் தண்ணீரைப் பத்திரமாக வைத்திருந்து, மறுநாள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு அதே மருந்து, அதே ஃபில்டர், அதே நெகட்டிவில் ஒரு பிரிண்ட் போட்டார். பழையபடி சாம்பல்.

மச்சினனைக் கூப்பிட்டார். வந்தான். கறுப்பு வந்தது. போனான். சாம்பல் வந்தது. இதை அவர் எத்தனை முறை சோதித்தாரோ அத்தனை முறையும் அப்படியே நடந்தது. அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால்கூடப் படம் பளிச்சென்று விழுந்தது.

"அவனுக்குக் கைராசிங்க" என்றாள் மனைவி.

தம்பியைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் எட்டிப்பார்க்கிற பெருமை அவருக்கு எப்போதும் பிடிக்காது. அன்றைக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஒளியியல் படித்தவர், கைராசியில் தோற்பதா?

விஷயம் வீட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நூலகத்துக்குப் புதிதாக வாசிப்புக்கூடம் கட்டியிருந்தார்கள். அதன் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதற்கு ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் கேட்டு அவர் உறுப்பினராக இருந்த நகரத்துப் புகைப்படச் சங்கத்துக்குத் தகவல் வந்தது. சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். மென்மையான ஆள், அவருடைய படங்களும் மென்மையானவை. மரமானாலும் மனிதரானாலும் எல்லாம் லேசான சாம்பலுக்குள் மூழ்கித்தான் இருக்கும். அதற்கு மூடுபனிப் பாணி என்று சங்கத்தில் பெயர். இளைஞர்கள் அந்தப் பாணியைப் பழக முயன்று தோற்றுப்போனார்கள்.

மச்சினன் கூட நின்றபோது போட்ட ஜன்னல் துடைக்கிறவர் படத்தைப் பார்த்ததும் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "இதுதான் நூலகத்துக்கு" என்றார். படத்துக்கு அடியில் பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து வைப்பார்கள் என்றும் சொன்னார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் பெயரைக் கடைப் பலகையிலும் மின்சாரக் கட்டண ரசீதிலும் தவிர வேறெங்கும் அவர் பார்த்ததில்லை. வருகிறவர்களெல்லாம் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து தன் பெயரைப் படிக்கிற காட்சியைக் கடையில் உட்கார்ந்தபடியே பலமுறை பார்த்தார். ஒரு அம்மாவுக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணில் போட்டுவிட்டு "தெளிவா இருக்கா?" என்றும் கேட்டார்.

மச்சினன் விஷயம் கேள்விப்பட்டு இனிப்போடு வந்தான்.

"அத்தான், தகட்டுல பேரு எப்படிப் போடப்போறாங்க?"

"எப்படின்னா? என் பேருதான்."

"அது சரி. படம் பிடிச்சவர்னு உங்க பேரு. பிரிண்ட் போட்டவர்னு என் பேரு. நியாயம்தானே? கறுப்பு வெள்ளையில பாதிப் படம் பிரிண்ட்லதான் இருக்குன்னு நீங்களே சொல்லுவீங்க."

அவர் சொல்லியிருந்தார், பலமுறை, சாப்பாட்டு மேசையில். சொந்த வாயே காலை வாரிவிட்டது.

மச்சினன் அத்தோடு விடவில்லை. தலைவரையும் பார்த்துப் பேசிவிட்டான். தான் இல்லாமல் அத்தானுக்குச் சாம்பல்தான் வரும் என்பதைச் சங்கம் முழுக்கப் பரப்பினான், கூடவே தண்ணீர் இயந்திரத்தின் பெருமையையும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்து தகட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் தலைவர். மச்சினனின் முகவரி அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதையும் கண்ணாடிக்கடைக்காரர் கவனித்தார்.

சனிக்கிழமை மதியம் அவர் குளியலறைக்குள் போனபோது முகம் போருக்குப் போகிறவர் முகமாக இருந்தது. ஒரே ஒரு நல்ல பிரிண்ட், யார் துணையும் இல்லாமல், அது போதும். டோப்பாவைக் கொக்கியில் மாட்டினார். காகிதத்தைப் பொருத்தினார். என்லார்ஜர் விளக்கைப் போட்டுவிட்டு, படத்தில் இருக்கிற சட்டை மேல் விழுகிற வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைப்பதற்காக வழக்கம்போலக் காகிதத்துக்கு மேலே நன்றாகக் குனிந்தார்.

அப்போது முகம் பார்க்கிற கண்ணாடியின் மேல் இருந்த துணி ஒரு பக்கம் நழுவி விழுந்தது.

எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தார். இருட்டுக்குள், கண்ணாடியின் நடுவில், பௌர்ணமி நிலா மாதிரி ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் அசைந்தால் அது அசைந்தது. குனிந்தால் குனிந்தது. விளக்குக் கூண்டிலிருந்து கசிகிற வெளிச்சம் நேரே வந்து அதன் உச்சியில் விழுந்து, அங்கிருந்து சொட்டுக்கூடச் சிந்தாமல் காகிதத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

குழாயின் தலையை மூடியவர் தன் தலையை மறந்துவிட்டார்.

நழுவிய துணியைக் கண்ணாடி மேல் திரும்பப் போட்டார். பிறகு கொக்கியிலிருந்து டோப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு பிரிண்ட் போட்டார். கறுப்பு வந்தது. கழற்றிவிட்டுப் போட்டார். சாம்பல் வந்தது. மச்சினன் பக்கத்தில் நிற்கும்போது டோப்பாவைக் கழற்ற முடியாது, தனியாக இருந்தால் மாட்ட மாட்டார். இவ்வளவுதான் கைராசி. குளியலறைக்குள் தனியாக நின்று அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு மனைவி ஓடிவந்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, துவைக்கிற இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருவரும் சிரித்து ஓய்ந்தபோதுதான் அவருக்கு மீதி உறைத்தது.

"இதைச் சங்கத்துல எப்படிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும்."

"விளையாடாத. நாளைக்கு நான் தனியா ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனா, நான் கத்துக்கொடுத்தேன், அத்தான் கத்துக்கிட்டாருன்னு உன் தம்பி சொல்லுவான். காரணத்தைச் சொன்னாத்தான் அவன் வாய் அடங்கும். காரணத்தைச் சொன்னா..." கை தானாகத் தலைக்குப் போனது.

"சொல்லலன்னா தகட்டுல அவன் பேரும் இருக்கும்" என்றாள் மனைவி. "எனக்கு நீங்களும் வேணும், அவனும் வேணும்தான். ஆனா வெயில்ல அந்தக் கட்டடத்துக்குக் கீழ காத்துக்கிட்டுக் கிடந்தது நீங்க. அவன் அந்தப் பக்கமே வரல."

அவள் அப்படிச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் மச்சினன் மேல் இருந்த வயிற்றெரிச்சலில் பாதி அந்த இடத்திலேயே அணைந்துவிட்டது. ஆனாலும் டோப்பாவைக் கழற்றத் துணிவு வரவில்லை. படுக்கையில் புரண்டு புரண்டு ஒரு பொய்யைத் தயாரித்தார்.

கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சுவர் முழுக்கத் தலைவரின் மூடுபனிப் படங்கள். மேசையில் கண்ணாடிக்கடைக்காரரின் புதிய பிரிண்ட்.

"இதை நான் தனியா போட்டேன்" என்றார். "தண்ணியும் இல்ல, கைராசியும் இல்ல. என்லார்ஜர்ல வெளிச்சம் கசியுது. அது என் வெள்ளைச் சட்டையில பட்டுத் திரும்பிக் காகிதத்துல விழுந்திருக்கு. இப்ப கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டேன், சரியாயிடுச்சு. ஆக, இதுல மாப்ளைக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலைவரும் ஆட்டினார். பொய் நன்றாகத்தான் ஓடியது.

மச்சினன் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அத்தான், நான் வந்தப்பல்லாம் நீங்க அந்த வெள்ளைச் சட்டைதானே போட்டிருந்தீங்க? மருந்து தெறிச்ச கறைகூட முன்னாடி இருக்குமே. அப்ப மட்டும் எப்படிக் கறுப்பு வந்துச்சு?"

அவன் குரலில் வம்பு எதுவும் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டான். அதனால்தான் அந்தக் கேள்வி வந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் கண்ணாடிக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இன்னொரு பொய்க்காக மூளைக்குள் துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை. மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். அத்தனை உயரத்தில், ஒரு கயிற்றை நம்பி, பயப்படாமல் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கையாலும் டோப்பாவைப் பிடித்துக் கழற்றினார். பிரிண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன்கூட இருக்கறப்ப இது தலையில இருக்கும் மாப்ள" என்றார். "தனியா இருந்தா கழட்டிடுவேன். வெளிச்சம் பட்டது சட்டையில இல்ல. இதுல."

மச்சினன் வாயைத் திறந்து மூடினான். அவனுக்கு எதுவும் சொல்லத் தெரியாமல் போனது அதுவே முதல்முறை. கடைசியில், "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

யாரோ சிரிக்கப் போனார்கள். அதற்குள் எல்லாருடைய பார்வையும் ஒரே திசையில் நகர ஆரம்பித்துவிட்டது. தலைவருக்கும் தலையில் முடி கிடையாது. அவர் அதை மறைத்ததும் கிடையாது, ஊரறிந்த வழுக்கை. இப்போது அவருடைய வலது கை மெதுவாக மேலே போய் உச்சந்தலையைத் தொட்டது. தொட்ட கை அங்கேயே நின்றது. அவர் கண்கள் சுவரைச் சுற்றி வந்தன. மூடுபனி மரம், மூடுபனிப் பாலம், பரிசு வாங்கிய மூடுபனிக் குதிரை.

"உங்க என்லார்ஜர்ல கசியற மாதிரி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அந்த முகத்தைக் கண்ணாடிக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். பாதியில் காற்றடித்தால் என்ன ஆகுமோ என்று பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற முகம். அவருக்கு மனசு இளகிவிட்டது.

"உங்க படம் வேற தலைவரே" என்றார். "அது நீங்க பாக்கற விதம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அன்று அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவதைவிட நன்றாக ஓடியது. தலைவர் கையை இறக்கி, மச்சினனின் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "தகட்டுல ஒரு பேருதான்" என்றார். கூட்டம் கலைந்து கிளம்பும்போது கண்ணாடிக்கடைக்காரரின் தோளைத் தொட்டு, ஓரமாகக் கூட்டிப்போய், அந்த டோப்பா எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு தலைவரின் படங்களில் பழைய மென்மை போய்விட்டது, கறுப்பு கொஞ்சம் தூக்கல் என்று சங்கத்தில் வருத்தப்படுகிறார்கள். மச்சினன் ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, முடி கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று விளக்கினான்.

நூலகத்தில் படம் மாட்டிய அன்று தகட்டுக்குப் பக்கத்தில் கணவரை வெறுந்தலையோடு நிற்கவைத்து மனைவி ஒரு படம் எடுத்தாள். அந்த நெகட்டிவை அவரே பிரிண்ட் போட இறங்கினார். மதிய வேளை, கதவில் தாழ்ப்பாள், இடுக்கில் துணி. கொக்கியில் இருந்த டோப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். தட்டுக்குள் முதலில் சுவர் கறுத்தது, பிறகு அவர் போட்டிருந்த கோட்டு கறுத்தது, நடுவில் அவருடைய தலை பளீரென்று வெள்ளையாக நின்றது. அப்படி ஒரு கான்ட்ராஸ்ட் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

வெளியே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, ஆள் வந்திருக்காங்க."

கண்ணாடிக்கடைக்காரர் தடபுடலென்று நிமிர்ந்து, டோப்பாவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, தலையைத் துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.